குழியை அளந்தவர் யார்?

மண்ணைத் தோண்ட ஆள் அமர்த்துவதில் வேறு எந்த வேலையிலும் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. கொத்தனார் எழுப்பிய சுவர் கண்முன் நிற்கும், தச்சர் செய்த கதவைத் தொட்டுப் பார்க்கலாம். மண்வேலைக்காரர் செய்து முடிப்பது ஒரு வெற்றிடம். அங்கிருந்த மண்ணை அள்ளிக்கொண்டு போன பிறகு, எவ்வளவு இருந்தது, எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. விலை பேசும் நேரத்திலோ நிலத்துக்கு அடியில் இருப்பது களியா, சுக்கான்பாறையா, கருங்கல்லா என்று இரு தரப்புக்கும் தெரியாது. அதனால் வேலிக் கல்கால்களுக்குக் குழி எடுப்பதானாலும், வீட்டுக்கு வானம் தோண்டுவதானாலும், ஏரிக்கரையை உயர்த்துவதானாலும் மூன்று கேள்விகள் எப்போதும் எழுகின்றன. தோண்டியதை யார் அளப்பது? எதிர்பாராமல் பாறை வந்தால் நட்டம் யாருக்கு? வேலை கொடுப்பவரிடமிருந்து கிளம்பும் பணம் தோண்டியவர் கைக்கு எத்தனை கைகளைக் கடந்து வருகிறது? தென்னிந்திய மண்வேலையின் வரலாற்றைப் பார்த்தால், தோண்டும் மனிதரின் நிலை உயர்ந்ததும் தாழ்ந்ததும் இந்த மூன்று கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களைப் பொறுத்தே என்பது விளங்கும். ஆண்ட அரசரோ வந்த இயந்திரமோ அந்த அளவுக்கு அதைத் தீர்மானிக்கவில்லை.

ஏரிகளைச் சார்ந்து வாழ்ந்த நாட்டில் மண்வேலை பழைய தொழில். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. தூர் எடுப்பதற்கென்றே முதல் வைத்து, அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் செலவு செய்யும் அறக்கட்டளைகளும் இருந்தன. அங்கே கூலி கொடுத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். அதே சோழர் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்ற பெயர்களில் கூலியில்லாக் கட்டாய உழைப்பும் வருகிறது. ஆக, கூலிக்குத் தோண்டுவதும் கடமையாகத் தோண்டுவதும் தொடக்கத்திலிருந்தே பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. பெரிய வேலைகளுக்கு ஆள் திரட்டும் திறமையும் குறைவாக இல்லை. கடப்பை மாவட்டத்துப் போருமாமிள்ள ஏரியின் 1369ஆம் ஆண்டுக் கல்வெட்டு, நாள்தோறும் 1,000 பேர் வேலை செய்ததையும், கல் சுமக்க 100 வண்டிகள் ஓடியதையும், வேலை முடிய 2 ஆண்டுகள் ஆனதையும் குறிக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பயஸ், கிருஷ்ணதேவராயர் வெட்டுவித்த ஏரியில் பதினைந்தாயிரம் முதல் இருபதாயிரம் பேர் வரை வேலை செய்வதைப் பார்த்து எழுதினார். அவர் குறிப்பில் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று. அரசர் அந்த ஏரி வேலையைத் தம் தலைவர்களுக்குப் பங்கு பங்காகப் பிரித்துக் கொடுத்திருந்தார். தத்தம் ஆட்களிடம் வேலை வாங்குவது அந்தந்தத் தலைவரின் பொறுப்பு. வேலை கொடுப்பவருக்கும் தோண்டுபவருக்கும் நடுவில் நிற்கும் மனிதர் அப்போதே வந்துவிட்டார்.

இந்த வேலையையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் ஒட்டர்கள். இன்று போயர் என்ற பெயரிலும் அறியப்படுபவர்கள். கல் வேலை செய்பவர்கள் கல் ஒட்டர், மண் வேலை செய்பவர்கள் மண் ஒட்டர் என்று இரு பிரிவாக அழைக்கப்பட்டனர். கிணறு, குளம், கால்வாய், சாலை, அணை எனத் தென்னிந்தியாவில் மண் புரண்ட இடங்களில் எல்லாம் அவர்கள் கை பட்டிருக்கிறது. 1800-01இல் சென்னையிலிருந்து மைசூர் வழியாகப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கனன் அவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கால்வாய், கிணறு, ஏரி தோண்டுவதோடு உப்பும் தானியமும் வணிகம் செய்தார்கள். இளையவர்கள் ஆண் பெண் இருபாலரும் மாடுகளோடும் கழுதைகளோடும் கூட்டமாக ஊர் ஊராகச் சென்றார்கள். நாலு குச்சியும் பாயுமே குடிசை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அவர்கள் பண்ணையாட்களாக எவரிடமும் அமர்வதில்லை என்று அவர் குறித்திருக்கிறார். நிலமில்லாதவர்களில் பெரும்பாலோர் நிலக்கிழார்களிடம் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த காலத்தில், மண் தோண்டும் ஒரு கூட்டம் அப்படிக் கட்டுப்படாமல் இருந்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. அவர்களிடம் அரிய திறமை இருந்தது. கூலி ஒத்துவராவிட்டால் குடிசையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக முடிந்தது. அவர்கள் விற்றது நாள்கணக்கை அல்ல, அளந்து காட்டக்கூடிய வேலையை.

அந்த அளவு முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கரை உயர்த்துவதற்காக மண் எடுக்கும் குழியின் நடுவே, இடையிடையே சிறு மண்திட்டுகளைத் தோண்டாமல் விட்டுவைப்பார்கள். திட்டின் உச்சியில் பழைய தரையின் புல் அப்படியே இருக்கும். அதன் உயரமே குழியின் ஆழம். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் எடுத்த மண்ணின் கன அளவு கிடைத்துவிடும். கணக்குத் தீர்ந்து கூலி கைக்கு வந்த பிறகுதான் திட்டுகளை வெட்டி எறிவார்கள். காணாமல் போன மண்ணுக்குச் சாட்சி வைப்பதற்கு எழுத்தறிவு தேவைப்படாத, இரு தரப்பும் கண்ணால் பார்க்கக்கூடிய வழி அது. பின்னர் பொதுப்பணித்துறை இதே அறிவை எழுத்து விதிகளாக ஆக்கியது. சாதாரண மண், சரளை கலந்த இறுகிய மண், கடப்பாரைக்கு இளகும் பாறை, வெடி வைத்தால்தான் உடையும் பாறை என்று வகைக்கு ஒரு விலை. மண்ணைச் சுமந்து போகும் தூரம் கூடினால் தனி விலை, குழியிலிருந்து தூக்கும் உயரம் கூடினால் தனி விலை. இவையெல்லாம் எம் புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் ஏறிய பிறகுதான் பில். இந்த விதிகளின் அடியில் கிடப்பது ஓர் ஆழமான நியாயம்: நிலத்துக்கடியில் என்ன இருக்கிறது என்ற ஆபத்தைத் தோண்டுபவர் தலையில் சுமத்தக் கூடாது. மூன்றடியில் பாறை வந்தால், பாறைக்கான விலையை வேலை கொடுத்தவர் தர வேண்டும். அளவில் ஏமாற்று வேலையும் இருந்தது. திட்டின் தலையில் புல்கட்டியை ஏற்றி ஆழத்தைக் கூட்டிக் காட்டுவதும், மேட்டு நிலத்தைப் பார்த்துத் திட்டு விடுவதும் தோண்டுபவர் பக்கத்துத் தந்திரங்கள். பாறையை மண் என்று எழுதுவதும், அளவை நாள்கணக்கில் தள்ளிப்போடுவதும் மேற்பார்வையாளர் பக்கத்துத் தந்திரங்கள். ஆனால் இரு தரப்பும் ஒரே திட்டின் முன் நின்று வாதாட முடிந்தது. அந்த வாதாட்டமே தோண்டுபவரின் பலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த நிலை மாறியது. பாசனப் பணிகளும் ரயில் பாதைகளும் இதுவரை காணாத எண்ணிக்கையில் ஆட்களைக் கேட்டன. அடுத்தடுத்த 3 ஆண்டுகளில் வந்த 3 சட்டங்கள், அந்த ஆட்களை அரசு எப்படிப் பார்த்தது என்பதைக் காட்டுகின்றன. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் ஆபத்து வந்தால் ஊராரை வேலைக்கு இழுக்க அதிகாரம் தந்தது. குடிமராமத்து என்ற ஊர் வழக்கத்துக்கும் சட்ட வடிவம் கொடுத்தது. 1859ஆம் ஆண்டின் சட்டம், முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப்போகும் தொழிலாளியை நீதிபதி முன் நிறுத்தி, பணத்தைத் திருப்பு அல்லது வேலையை முடி என்று ஆணையிடவும், மீறினால் 3 மாதம் வரை சிறையில் அடைக்கவும் வழி செய்தது. 1860ஆம் ஆண்டுச் சட்டம் ரயில், கால்வாய் போன்ற பொதுப்பணிகளில் கூலித் தகராறுகளை விரைவில் தீர்க்க வந்தது. அதன் பின்னணியில் இருந்தது பம்பாய்க்கும் புனேவுக்கும் இடையிலான போர் கணவாய் ரயில் பாதை. அங்கே 1859 ஜனவரியில், கூலி பாக்கிக்காகத் தொழிலாளர்கள் கலகம் செய்தார்கள். வேலையை மொத்தமாக எடுத்திருந்தவர் ஆங்கில ஒப்பந்தக்காரர் வில்லியம் ஃபேவியல். அவருக்குக் கீழே உள் ஒப்பந்தக்காரர்கள், அவர்களுக்குக் கீழே ஆள் பிடிக்கும் முக்காதம்கள். மேலே கொடுத்த பணம் கீழே வந்து சேரவில்லை. கூலியைக் கேட்க நீதிமன்ற வழி திறந்தது அந்தச் சட்டத்தின் நல்ல பக்கம். ஆனால் அதே சட்டம் ஒப்பந்தத்தை முறிக்கும் தொழிலாளியைக் குற்றவாளியாகவும் ஆக்கியது. கூலி தராத முதலாளிக்குச் சிவில் வழக்கு, வேலையை விட்ட கூலியாளுக்குச் சிறை. இந்த ஏற்றத்தாழ்வு நெடுங்காலம் நீடித்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டம் 1925இலும், 1860ஆம் ஆண்டுச் சட்டம் 1932இலும்தான் நீக்கப்பட்டன.

மொத்த ஒப்பந்தமும் முன்பணமும் சேரும்போது என்ன நடக்கிறது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. அளவு முறையில், வேலை முடிந்த பிறகு தோண்டுபவருக்குத் தரவேண்டியவர் வேலை கொடுப்பவர். முன்பணம் அந்த உறவைத் தலைகீழாக்கிவிடுகிறது. வேலை தொடங்குமுன்பே தோண்டுபவர் கடனாளி. கடனாளி அளவைப் பற்றி வாதாட முடியாது, அடுத்த ஊருக்குப் போகவும் முடியாது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களின் கதை இதற்குக் கண்கூடான சான்று. முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலைச்சரிவுகளில் குழி வெட்டியவர்கள் அவர்கள். கங்காணி கொடுத்த முன்பணத்தோடு கப்பலேறினார்கள். அந்தக் கடனைக் குறித்த ‘துண்டு’ என்ற சீட்டே அவர்களுடைய விலைச்சீட்டாக மாறியது. இன்னொரு தோட்டம் அந்தக் கடனை ஏற்றால்தான் தொழிலாளி இடம் மாற முடியும். கடன் தோட்டத்துக்குத் தோட்டம் போனது, ஆளும் அதனோடு போனார். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. போர் கணவாயில் ஒப்பந்தத்தைக் கைவிட்ட அதே ஃபேவியலுக்குத்தான் 1863இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் ரயில் பாதையின் ஒப்பந்தம் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். கூலி பாக்கியால் கலகம் நடந்த இடத்திலிருந்து அவர் விலகினார், அடுத்த பெரிய வேலை காத்திருந்தது. கூலி பாக்கியோடு வேலையை விட்டவர்களுக்குக் காத்திருந்தது 1859ஆம் ஆண்டுச் சட்டம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டி, கருவிகள் வாங்கி, வாரக்கூலி கொடுத்து, மழைக்காலத்து நட்டத்தையும் தாங்க ஒரு பெரிய ஒப்பந்தக்காரர் இல்லாமல் ரயில் பாதையும் அணையும் எப்படி எழும் என்பார்கள். ஒருங்கிணைப்பு தேவை என்பதில் ஐயமில்லை. போருமாமிள்ளவின் 1,000 பேரும் தாமாகக் கூடிவிடவில்லை. ஆனால் ஒருங்கிணைப்பதும், மொத்த விலைக்கு எடுத்துக் கீழே கீழே விற்பதும் வெவ்வேறு காரியங்கள். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று ஓடத் தொடங்கிய சென்னை ரயில்வே, பெரும்பாலும் இங்கிலாந்தின் பெரிய ஒப்பந்தக்காரர்கள் இல்லாமல், தன் பொறியாளர்களின் நேரடிப் பொறுப்பிலும் சிறுசிறு ஒப்பந்தங்களாகவுமே பாதையைப் போட்டது. தெற்கே சமவெளி, மேற்கே போர் கணவாயில் செங்குத்து மலை, ஆகவே இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று சொல்வதும் நியாயம்தான். ஆனால் கூலி பாக்கியை மலையின் மேல் போட முடியாது. பாறை கடினமாக இருந்தால் செலவு கூடும், காலம் நீளும். வேலை செய்தவருக்குப் பணம் போய்ச் சேராமைக்குக் காரணம் நடுவில் அடுக்கிய கைகள்.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது, அது இன்னும் கனமானது. அளவுக்குக் கூலி என்பதே உடம்பைப் பிழியும் முறையல்லவா? கணவன் வெட்ட, மனைவி சுமக்க, பிள்ளையும் சட்டி தூக்க வேண்டிய நிலையை உண்டாக்கியது அதுதானே? தாது வருடப் பஞ்சம் இந்தக் கேள்விக்கு உரிய இடம். 1876-78இல் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் நிவாரண வேலைகளில் மண் சுமந்தார்கள். சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அந்தக் காலத்து உழைப்பால் வெட்டப்பட்டது, அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. 1877இல் அரசின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் அதோடு சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கும் உடம்பு அதில் தேயும் என்று கடுமையாக எதிர்த்தார். நலிந்து வந்தவர்களிடம் இவ்வளவு மண் எடுத்தே ஆக வேண்டும் என்று அளவு வைத்த இடத்தில், அளவு தண்டனையாக மாறியது உண்மை. ஆகவே அளவு மட்டும் நீதி ஆகாது. விலையைப் பேசவும், ஒவ்வாவிட்டால் விலகவும் உரிமை உள்ளவரிடம்தான் அளவு கேடயமாகிறது. அந்த உரிமை இல்லாதவரிடம் அதுவே சாட்டை. மறுப்பு இவ்வளவு தூரம் சரி. ஆனால் அளவை எடுத்துவிட்டு நாள்கூலியை மட்டும் வைத்தால் நீதி வந்துவிடும் என்பது அதிலிருந்து தொடராது. டெம்பிளின் கூலி நாளுக்குக் கட்டிய கூலிதான்.

விலகிப் போகும் உரிமையைத்தான் அடுத்து வந்த காலம் குறிவைத்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, நிலையான ஊரில்லாமல் திரிவதே ஐயத்துக்குரிய குணமாக எண்ணப்பட்டது. வேலையைத் தேடி இடம் பெயர்வதே தொழிலின் உயிராக இருந்தவர்களுக்கு இது நேரான அடி. சீர்மரபினர் பட்டியலில் கல் ஒட்டர், நெல்லூர்ப்பேட்டை ஒட்டர், சூரமாரி ஒட்டர் என்ற பெயர்கள் இன்றும் இருப்பது அந்த வரலாற்றின் தடயம். நாட்டின் ஏரிகளையும் பாதைகளையும் வெட்டிய கைகளின்மேல் காவல் நிலையத்தின் கண்காணிப்பு விழுந்தது. புக்கனன் பார்த்த சுதந்திரமான கூட்டத்துக்கும், இருபதாம் நூற்றாண்டில் கல்குவாரிகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த குடும்பங்களுக்கும் இடையில் நடந்தது இதுதான். கையிலிருந்த திறமை குறையவில்லை. வேலை பேசும் பலத்தைச் சட்டமும் கடனும் சேர்ந்து பறித்தன.

விடுதலைக்குப் பிறகு வந்த சட்டங்கள் இதை ஓரளவு உணர்ந்தவை. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்று வகுத்தது. 1976இல் கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1982இல் உச்சநீதிமன்றம், தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. நாள் ஒன்றுக்குச் சேரவேண்டிய 9 ரூபாய் 25 காசில், ஆள் பிடித்த ஜமேதார்கள் தலைக்கு 1 ரூபாய் எடுத்துக்கொண்டார்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது நீதிமன்றம். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒப்பந்தக்காரரையே விலக்கியது. நூறு நாள் வேலையில் குளம் தூர் வாரியவர்களுக்கு அளவு பார்த்து, வங்கிக் கணக்கில் கூலி போட வழி செய்தது. அங்கேயும் கூலி தாமதமானது, கூட்டமாக அளப்பதால் கடினமாக உழைத்தவருக்கும் உழைக்காதவருக்கும் ஒரே கணக்கு என்ற குறையும் எழுந்தது. இவை உண்மையான குறைகள். ஆனால் இரண்டுமே அளவும் பணமும் பற்றிய குறைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். கேள்வி மாறவேயில்லை.

இயந்திரம் வந்துவிட்ட பிறகு இந்த வரலாறு எதற்கு என்று கேட்கலாம். 1979இல் ஹரியானாவின் பல்லப்கரில் ஜேசிபி தயாரிப்பு தொடங்கியது. இன்று ஒரு தோட்டத்துக் குழாய்க்கான பள்ளத்தை மணிக்கணக்கில் வாடகை பேசி அரைநாளில் எடுத்துவிடலாம். வேலிக் கல்லுக்கான குழியை டிராக்டரில் மாட்டிய துளைக்கும் கருவி நிமிடங்களில் போட்டுவிடுகிறது. கூடை சுமந்து முதுகு தேய்ந்த தலைமுறையின் துன்பத்தைக் குறைத்த கருவிகள் இவை, அதற்காக வரவேற்க வேண்டியவை. ஆனால் மணி வாடகையிலும் பாறை வந்தால் யார் பொறுப்பு என்பது அப்படியே நிற்கிறது. வண்டி நுழையாத சந்துகளில், மின்கம்பிகளுக்கும் குடிநீர்க் குழாய்களுக்கும் நடுவில், இன்றும் மனிதர்தான் இறங்கித் தோண்டுகிறார். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பக்கவாட்டில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை சொல்கிறது. மொத்த விலைக்குப் பேசிக் கைமாறிக் கைமாறி வரும் வேலையில் முதலில் வெட்டப்படும் செலவு அந்த முட்டுப் பலகை. பள்ளம் சரிந்து ஆள் புதையும்போது விபத்து என்று எழுதுகிறோம். அந்த மரணத்தின் காரணம் பல நேரங்களில் விலை பேசிய நாளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

ஆகவே இந்த நீண்ட வரலாறு தரும் தீர்ப்பு எளிமையானது. தோண்டுபவர் கண்ணெதிரே அளந்து, மண்ணுக்கும் பாறைக்கும் தனி விலை வைத்து, பணத்தை அவர் கையிலேயே கொடுத்த இடங்களில் மண்வேலை மானமுள்ள தொழிலாக இருந்தது. மொத்தமாகப் பேசி, முன்பணத்தால் கட்டி, நடுவில் கைகளை அடுக்கிய இடங்களில் அது அடிமைத்தனத்துக்கு அருகே போனது. நாளை உங்கள் நிலத்தில் வேலிக்கோ குழாய்க்கோ ஒருவரை அமர்த்தும்போது, நீளம், அகலம், ஆழம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பாறை வந்தால் என்ன விலை என்பதை முன்பே பேசுங்கள். ஆழம் கூடினால் முட்டுக் கொடுக்கும் செலவு உங்களுடையது என்று ஒப்புக்கொள்ளுங்கள். மேஸ்திரியிடம் கொடுத்த பணம் பள்ளத்தில் இறங்கியவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அவரையே கேளுங்கள். வேலை கொடுப்பவரின் கடமை தோண்டியவர் கையில் கூலி சேர்ந்த பிறகுதான் முடிகிறது.